மிஷெல் ஒபாமாவை வரைந்தவர், ஸ்மித்சோனியனுக்கே 'நோ' சொன்னவர்: யார் இந்த எமி ஷெரால்ட்?

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் உள்ள தேசிய உருவப்பட அருங்காட்சியகத்தில் தனிக் கண்காட்சி என்பது ஓர் ஓவியருக்கு வாழ்நாளில் ஒருமுறை கிடைக்கிற வாய்ப்பு. 2025 ஜூலையில் அந்த வாய்ப்பை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார் எமி ஷெரால்ட். இத்தனைக்கும் அது நடந்திருந்தால், சமகாலக் கறுப்பின ஓவியர் ஒருவருக்கு அந்த இடம் தரும் முதல் தனிக் கண்காட்சியாக இருந்திருக்கும். தகராறுக்குக் காரணம் ஒரே ஒரு ஓவியம்.

எமி ஷெரால்ட் என்ற பெயர் தெரியாதவர்களுக்குக்கூட அவர் வரைந்த ஒரு படம் ஞாபகம் இருக்கும். வெளிர் நீலப் பின்னணி, கால்வரை விரிந்து கிடக்கும் வெள்ளைக் கவுன், ஒரு கையில் தாடையைத் தாங்கியபடி நம்மை நேராகப் பார்க்கும் மிஷெல் ஒபாமா. தோல் மட்டும் பழுப்பு இல்லை, சாம்பல் நிறம். 2018-ல் உலகம் முழுக்கச் செய்தியான படம் அது.

முன்னாள் அதிபரின் மனைவியை வரைந்த ஓவியர், ஏழே வருடத்தில் அதே அருங்காட்சியகத்தோடு எப்படி மோதினார்? அதற்கு அவருடைய கதையை ஆரம்பத்தில் இருந்து பார்க்கணும்.

பள்ளிச் சுற்றுலாவில் பார்த்த ஓவியம்

ஜார்ஜியா மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் 1973 ஆகஸ்ட் 30-ல் பிறந்தவர் எமி. அப்பா பல் மருத்துவர். மகளும் டாக்டர் ஆகணும் என்பது அம்மாவின் ஆசை. (இந்த ஆசை எந்த நாட்டிலும் மாறுவதில்லை போல.)

பள்ளியில் படிக்கும்போது ஊரில் இருந்த கொலம்பஸ் அருங்காட்சியகத்துக்கு சுற்றுலா அழைத்துப் போனார்கள். அங்கே போ பார்ட்லெட் என்ற ஓவியரின் பெரிய ஓவியம் ஒன்று மாட்டியிருந்தது. ஒரு வீட்டின் முன்னால் ஒரு கறுப்பினத்தவர் நிற்கிறார், அவ்வளவுதான் காட்சி. ஆனால் சிறுமி எமி அதன் முன்னால் நின்றுவிட்டார். தன்னைப் போன்ற ஒருவரை ஓர் ஓவியத்துக்குள் அவர் பார்ப்பது அதுதான் முதல்முறை. ஓவியம் என்பது புத்தகத்தில் இருக்கும் பழங்காலச் சமாச்சாரம் இல்லை, உயிரோடு இருப்பவர்கள் இன்றைக்கும் செய்கிற வேலை என்று அன்றைக்குத்தான் புரிந்தது என்று பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

அம்மாவின் ஆசைப்படியே அட்லாண்டாவில் உள்ள கிளார்க் அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் மருத்துவத்துக்கான ஆரம்பப் படிப்பில்தான் சேர்ந்தார். பாதியில் ஓவியத்துக்கு மாறினார். 1997-ல் பட்டம். பிறகு பால்டிமோரில் உள்ள மேரிலாண்ட் கலைக் கல்லூரியில் 2004-ல் முதுகலை முடித்தார். நார்வேயில் ஆட் நெர்ட்ரம் என்ற ஓவியரிடம் போயும் கொஞ்ச காலம் கற்றுக்கொண்டார். ரெம்பிராண்ட் காலத்துப் பாணியில் வரைபவர் நெர்ட்ரம்.

காகிதத்தில் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகப் போகிற மாதிரி இருக்கு. வாழ்க்கை அப்படிப் போகவில்லை.

30 வயதில் இதய நோய்

டிரையத்லான் போட்டிக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், சரி ஒரு செக்கப் பண்ணிக்கலாம் என்று போனவருக்குக் கிடைத்தது அதிர்ச்சிச் செய்தி. கார்டியோமயோபதி. அதாவது இதயத் தசையே பலவீனமாகி, உடம்புக்குத் தேவையான ரத்தத்தை அனுப்ப முடியாத நிலை. வயது 30-தான் ஆகியிருந்தது.

அதன் பிறகு குடும்பத்தில் உடல்நலம் சரியில்லாதவர்களைப் பார்த்துக்கொள்ள சொந்த ஊருக்கே திரும்பினார். அந்த நான்கு வருடம் போல தூரிகையைத் தொடவே இல்லை. மறுபடியும் பால்டிமோருக்கு வந்து ஓவியத்தைப் பிடித்தபோதும் வயிற்றுப்பாட்டுக்கு உணவகத்தில் சர்வர் வேலைதான். 38 வயதுவரை தட்டுகளைத் தூக்கிக்கொண்டுதான் இருந்தார். கலைத் துறையில் 'இளம் திறமை' என்று ஒருவரைக் கொண்டாடும் வயதெல்லாம் அதற்குள் கடந்துபோயிருந்தது.

2012-ல் ஒரு மருந்துக்கடையில் மயங்கி விழுந்தார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, மாற்று இதயத்துக்காகக் காத்திருந்தார். அதே காலத்தில் அவருடைய சகோதரர் நுரையீரல் புற்றுநோயால் இறந்துபோனார். 2012 டிசம்பர் 18-ல் எமிக்கு இதய மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. அப்போது வயது 39.

உலகம் இன்றைக்குப் பேசுகிற பெரும்பாலான ஓவியங்களை அவர் வரைந்தது இந்தப் புது இதயத்தோடுதான்.

தோல் ஏன் சாம்பல் நிறத்தில்?

எமியின் ஓவியத்தைப் பார்க்கிற எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்.

ஐரோப்பிய ஓவிய மரபில் 'கிரிசாய்' என்று ஒரு முறை உண்டு. முதலில் உருவத்தை முழுக்கச் சாம்பல் நிறத்திலேயே வரைந்து, எங்கே வெளிச்சம், எங்கே நிழல் என்று முடிவு செய்துகொள்வார்கள். அதன் மேல்தான் தோல் நிறம் ஏறும். நம்ம வீட்டுச் சுவருக்குப் பெயின்ட் அடிக்கும் முன் பிரைமர் அடிப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எமி அந்தச் சாம்பல் கட்டத்திலேயே தோலை நிறுத்திவிடுகிறார். கறுப்போடு நேப்பிள்ஸ் எல்லோ என்ற மஞ்சளைக் கலந்து இந்தச் சாம்பலை உண்டாக்குகிறார். அதனால்தான் அது செத்த சாம்பலாக இல்லாமல் லேசான சூட்டோடு தெரியும். ஆனால் உடைக்கும் பின்னணிக்கும் அடிக்கிற சிவப்பு, மஞ்சள், நீலம் எல்லாம் கண்ணைப் பறிக்கும்.

ஆரம்பத்தில் பார்க்க நன்றாக இருக்கிறதே என்றுதான் இதைச் செய்தார். போகப் போகத்தான் அதற்குள் இருந்த அர்த்தம் அவருக்கே பிடிபட்டது. கறுப்பினத்தவரை வரைந்தாலே பார்ப்பவர்கள் முதலில் இனம், அடிமைத்தனம், போராட்டம் என்று போய்விடுகிறார்கள். அந்த மனிதர் யார், அவர் கண்ணில் என்ன ஓடுகிறது என்ற கேள்வி பின்னால் போய்விடுகிறது. தோல் நிறத்தை எடுத்துவிட்டால் பார்ப்பவர் ஒரு நொடி தடுமாறி, முகத்தைப் பார்ப்பார் என்பது அவருடைய கணக்கு.

பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களும் இதற்குள் இருக்கின்றன. தன் பாட்டியின் புகைப்படம் ஒன்றைப் பற்றி அவர் அடிக்கடி பேசுவார். 1900-ல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியில், சமூகவியலாளர் டபிள்யூ.இ.பி. டு போய்ஸ் கறுப்பின அமெரிக்கர்களின் நூற்றுக்கணக்கான புகைப்படங்களைக் காட்சிக்கு வைத்தார். நல்ல உடை உடுத்தி, நிமிர்ந்து உட்கார்ந்து, கேமராவை நேராகப் பார்க்கும் மனிதர்கள். பணக்கார வெள்ளையர்கள் மட்டுமே தங்களை ஓவியமாக வரைந்து மாட்டிக்கொண்ட காலத்தில், மற்றவர்கள் தங்கள் கௌரவத்தைப் பதிவு செய்ய புகைப்படம்தான் கைகொடுத்தது என்பது எமியின் பார்வை.

இந்தச் சாம்பலைப் பற்றி விமர்சனமும் உண்டு. கறுப்பினத்தவரைக் கொண்டாடுகிறேன் என்று சொல்லிவிட்டு அவர்களின் நிறத்தையே எடுத்துவிடுவது சரியா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். எனக்கு எமியின் பதில் பாதி அவர் பேட்டிகளிலும் மீதி ஓவியங்களிலும் இருப்பதாகத் தோன்றுகிறது. அந்தப் படங்களின் முன்னால் நின்று, இவர்கள் கறுப்பினத்தவர் என்பதை யாரும் மறந்துவிட முடியாது.

தெருவில் கிடைக்கும் மாடல்கள்

எமி வரைபவர்கள் பெரும்பாலும் பிரபலங்கள் கிடையாது. தெருவில், கடையில் பார்க்கிற யாரோ ஒருவரிடம் ஏதோ ஒன்று பிடித்துப்போனால் நேராகப் போய்ப் பேசுவார். பிறகு உடையைத் தேர்ந்தெடுத்து, சில சமயம் பழைய துணிக் கடையில் தேடிப்பிடித்து, போடச் சொல்லி, புகைப்படம் எடுத்து, அதை வைத்து வரைவார். அவர் படங்களில் இருப்பவர்கள் பெரிதாகச் சிரிப்பதில்லை. அழுவதும் இல்லை. நேராகப் பார்ப்பார்கள்.

அப்படிப்பட்ட ஒரு படம்தான் அவர் வாழ்க்கையை மாற்றியது. கருநீல உடையில் வெள்ளைப் புள்ளிகள், தலையில் சிவப்புத் தொப்பி, வெள்ளைக் கையுறை போட்ட கையில் அளவுக்கு மீறிப் பெரிதாக ஒரு தேநீர்க் கோப்பை. 'மிஸ் எவ்ரிதிங்' என்ற அந்த ஓவியம், தேசிய உருவப்பட அருங்காட்சியகம் நடத்தும் அவுட்வின் பூச்செவர் போட்டியில் 2016-ல் முதல் பரிசு வாங்கியது. 2,500-க்கும் மேற்பட்ட படைப்புகள் போட்டிக்கு வந்திருந்தன. அந்தப் பரிசை வென்ற முதல் பெண்ணும் முதல் கறுப்பின அமெரிக்கரும் எமிதான். பரிசுத் தொகை 25,000 டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 17 லட்சம் ரூபாய்.

அதாவது, 2025-ல் எந்த இடத்தோடு மோதினாரோ அதே இடம்தான் அவரை உலகத்துக்கே அறிமுகப்படுத்தியது.

மிஷெல் ஒபாமா ஓவியம்

அதிபர் பதவியை விட்டுப் போகிறவரையும் அவர் மனைவியையும் ஓவியமாக்கி வைப்பது அந்த அருங்காட்சியகத்தின் வழக்கம். பராக் ஒபாமா தனக்கு கெஹிண்டே வைலியைத் தேர்ந்தெடுத்தார், மிஷெல் எமியைத் தேர்ந்தெடுத்தார். அதிபர் தம்பதியின் அதிகாரப்பூர்வ ஓவியத்தை வரைய அருங்காட்சியகம் கறுப்பின ஓவியர்களை நியமித்தது அதுவே முதல்முறை. வைலி அப்போதே பெரிய பெயர். எமியை கலை உலகத்துக்கு வெளியே அனேகமாக யாருக்கும் தெரியாது.

2018 பிப்ரவரி 12-ல் திரை விலகியது. கிட்டத்தட்ட 6 அடி உயரம், 5 அடி அகலம். மிஷெல் உடுத்தியிருந்தது மில்லி நிறுவனத்தின் கவுன். அதிலிருந்த கட்டம் கட்டமான வடிவங்கள் அலபாமாவின் ஜீஸ் பெண்ட் கிராமத்துக் கறுப்பினப் பெண்கள் பழைய துணிகளை ஒட்டுப்போட்டுத் தைக்கும் போர்வைகளை எமிக்கு ஞாபகப்படுத்தின. அந்தப் போர்வைகள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. ஓவியத்தில் பாதி இடத்துக்கு மேல் அந்தக் கவுன்தான்.

சமூக வலைதளங்களில் விமர்சனம் பறந்தது. "மிஷெல் மாதிரியே இல்லையே", "தோல் ஏன் இப்படி இருக்கு?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். மறுபக்கம் கூட்டம் அலைமோதியது. அந்த வருடம் மார்ச்சில், இரண்டு வயதுக் கறுப்பினக் குழந்தை ஒன்று வாயைப் பிளந்தபடி அந்த ஓவியத்தை அண்ணாந்து பார்க்கும் புகைப்படம் வைரலானது. கூட்டத்தைச் சமாளிக்க முடியாமல் ஓவியத்தை வேறு பெரிய கூடத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. 2021 முதல் ஒபாமா தம்பதியின் ஓவியங்கள் இரண்டும் சிகாகோ, புரூக்ளின், லாஸ் ஏஞ்சலஸ் என்று ஊர் ஊராகப் பயணம் போயின.

உட்கார முடியாத ஒருவரை வரைந்தபோது

2020 மார்ச் 13. கென்டக்கி மாநிலம் லூயிவில் நகரில் நள்ளிரவில் ஒரு வீட்டுக்குள் புகுந்த போலீஸ் சுட்டதில் பிரியோனா டெய்லர் என்ற 26 வயதுப் பெண் இறந்தார். மருத்துவமனை அவசரப் பிரிவில் வேலை பார்த்தவர். அமெரிக்கா முழுக்கப் போராட்டம் வெடித்தது.

அந்த வருடம் 'வேனிட்டி ஃபேர்' இதழின் செப்டம்பர் அட்டைக்கு பிரியோனாவை வரையும் பொறுப்பு எமிக்கு வந்தது. கொரோனா காலம். மாற்று இதயத்தோடு வாழ்பவர்கள் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்துகளை வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டும், அதனால் போராட்டக் கூட்டங்களுக்குப் போகிற நிலையில் எமி இல்லை. இந்த ஓவியம்தான் தன் பங்கு என்று எடுத்துக்கொண்டார்.

ஆனால் யாரைப் பார்த்து வரைவது? இத்தனை வருடமும் எதிரில் நிற்பவரைத் தானே புகைப்படம் எடுத்துதான் வரைந்து பழக்கம். பிரியோனாவின் குடும்பத்தினரிடம் பேசினார். அவரைப் போலவே உடல்வாகு கொண்ட ஒரு பெண்ணை மாடலாக வைத்துக்கொண்டார். உடையும் பின்னணியும் ஒரே மாதிரியான நீலப் பச்சை. வேறு எங்கும் கண் போகாமல் முகத்தில் மட்டும் நிற்கட்டும் என்பதற்காக. விரலில் ஒரு மோதிரம். பிரியோனாவின் காதலர் அவரிடம் திருமணத்துக்குக் கேட்க நினைத்திருந்தார், அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நடக்காத அந்த நிச்சயதார்த்தத்தை எமி ஓவியத்தில் நடத்திவைத்தார்.

2021-ல் லூயிவிலின் ஸ்பீட் அருங்காட்சியகமும் வாஷிங்டனில் உள்ள கறுப்பின அமெரிக்கர் வரலாற்று அருங்காட்சியகமும் சேர்ந்து அந்த ஓவியத்தை வாங்கின. கிடைத்த 10 லட்சம் டாலரை லூயிவில் பல்கலைக்கழகத்தில் பிரியோனா பெயரில் மாணவர் உதவித்தொகைக்காகக் கொடுத்துவிட்டார் எமி.

42 லட்சம் டாலர், ஓவியருக்கு?

2020 டிசம்பரில் நியூயார்க்கில் ஃபிலிப்ஸ் ஏல நிறுவனத்தில் எமியின் 'தி பேதர்ஸ்' ஏலத்துக்கு வந்தது. 2015-ல் வரைந்தது, நீச்சல் உடையில் இரண்டு பெண்கள். ஒன்றரை முதல் இரண்டு லட்சம் டாலர் போகும் என்று எதிர்பார்த்தார்கள். போனது 42.65 லட்சம் டாலருக்கு. அன்றைய மதிப்பில் 31 கோடி ரூபாயைத் தாண்டும். அடுத்த வருடம் 'வெல்ஃபேர் குவீன்' என்ற ஓவியம் 39 லட்சம் டாலருக்குப் போனது.

இதில் ஓவியருக்கு எவ்வளவு வரும்? அமெரிக்கச் சட்டப்படி ஒன்றும் வராது. ஓவியத்தை முதலில் விற்கும்போது கிடைக்கும் பணம் மட்டும்தான் அவருடையது. வாங்கியவர் அதை மறுபடி விற்று எத்தனை கோடி சம்பாதித்தாலும், ஏதாவது கொடுப்பதும் கொடுக்காததும் அவர் இஷ்டம்.

2025-ல் என்னதான் நடந்தது?

எமியின் இத்தனை வருட உழைப்பைத் தொகுத்து, கிட்டத்தட்ட 50 ஓவியங்களோடு 'அமெரிக்கன் சப்ளைம்' என்ற கண்காட்சி 2024 நவம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கியது. அடுத்து 2025 ஏப்ரலில் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம். செப்டம்பரில் வாஷிங்டன், தேசிய உருவப்பட அருங்காட்சியகம். இதுதான் திட்டம்.

இதற்கிடையே அரசியல் சூடாகிவிட்டது. இந்த அருங்காட்சியகம் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் கீழ் வருவது. ஸ்மித்சோனியனின் செலவில் பெரும்பகுதி அரசுப் பணம். 2025 மார்ச்சில் அதிபர் டிரம்ப், ஸ்மித்சோனியன் அமெரிக்க வரலாற்றைத் தவறாகக் காட்டுகிறது என்று சொல்லி ஒரு நிர்வாக உத்தரவு போட்டார். மே மாதக் கடைசியில், உருவப்பட அருங்காட்சியகத்தின் இயக்குநர் கிம் சாஜெட்டைப் பதவி நீக்கம் செய்வதாக அறிவித்தார். அதிபருக்கு அந்த அதிகாரம் இருக்கிறதா என்ற விவாதம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஜூனில் சாஜெட் தானாகப் பதவி விலகினார்.

கண்காட்சியில் 'டிரான்ஸ் ஃபார்மிங் லிபர்ட்டி' என்று 10 அடி உயர ஓவியம் ஒன்று. சுதந்திர தேவி சிலை போல நிற்கும் ஒரு கறுப்பினத் திருநர். இளஞ்சிவப்பு நிறத் தலைமுடி, நீல கவுன், தூக்கிய கையில் தீப்பந்தம், அதில் நெருப்புக்குப் பதில் பூக்கள். 2024-ல் வரைந்தது. இந்தப் படத்தைப் பற்றி அருங்காட்சியகத்துக்குள் தயக்கம் இருப்பதாகத் தனக்குத் தெரியவந்தது என்கிறார் எமி. படத்தோடு ஒரு வீடியோவையும் வைக்கலாம் என்று பேச்சு எழுந்தது. பார்வையாளர்கள் அந்த ஓவியத்தைப் பார்த்து என்ன நினைக்கிறார்கள் என்று காட்டும் வீடியோ.

இங்கேதான் இரண்டு தரப்பும் வேறு வேறு சொல்கிறார்கள். படத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வீடியோவை வைக்கத்தான் திட்டம் என்பது எமி தரப்பு. படத்தை எடுக்கச் சொல்லவே இல்லை, கூடுதல் விளக்கத்துக்காகத்தான் வீடியோ, ஒரு முடிவுக்கு வருவதற்குள் ஓவியர் விலகிவிட்டார் என்பது ஸ்மித்சோனியன் தரப்பு. எமியைப் பொறுத்தவரை கூட வைத்தாலும் பிரச்னைதான். திருநர்கள் கண்ணில் படலாமா கூடாதா என்று விவாதிக்க அந்த வீடியோ இடம் கொடுக்கும், அதற்குத் தன் கண்காட்சி மேடையாக முடியாது என்றார். ஜூலை 24-ல் ஒட்டுமொத்தக் கண்காட்சியையும் வாபஸ் வாங்கினார். வெள்ளை மாளிகை இதை வரவேற்றது.

ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். அந்த நாளில்கூட அதே ஓவியம் நியூயார்க்கில் விட்னியின் சுவரில் மாட்டித்தான் இருந்தது. மக்கள் டிக்கெட் வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதே கண்காட்சியில், 1945-ல் போர் முடிந்த நாளில் டைம்ஸ் சதுக்கத்தில் ஒரு கடற்படை வீரர் பெண்ணை முத்தமிடும் புகழ்பெற்ற புகைப்படத்தை, இரண்டு கறுப்பின ஆண்களை வைத்து எமி மறுபடி வரைந்த ஓவியமும் இருந்தது. படங்கள் மாறவே இல்லை. மாட்டப்போகும் சுவர் அரசாங்கத்தின் பணத்தில் நிற்கும் சுவர், அதுதான் வித்தியாசம். ஆகஸ்டில் 'தி நியூயார்க்கர்' பத்திரிகை அந்த ஓவியத்தையே அட்டைப்படமாகப் போட்டது. வாஷிங்டனில் மாட்டியிருக்க வேண்டிய படம், உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது.

இப்போது எங்கே?

வாஷிங்டன் கைவிட்டுப்போன கண்காட்சியை பால்டிமோர் கலை அருங்காட்சியகம் எடுத்துக்கொண்டது. வாஷிங்டனில் இருந்து காரில் போனால் ஒரு மணி நேரம்தான். எமி படித்த ஊர், சர்வர் வேலை பார்த்த ஊர், மாற்று இதயம் கிடைத்த ஊர். ராக்கெட் மேலே போவதைக் கைகோத்தபடி பார்க்கும் இரண்டு பெண்களை அவர் வரைந்த ஓவியத்தை 2018-லேயே வாங்கி வைத்திருந்ததும் இந்த அருங்காட்சியகம்தான்.

2025 நவம்பர் 2-ல் அங்கே கண்காட்சி திறந்தது, 2026 ஏப்ரல் 5 வரை என்று தேதி குறிக்கப்பட்டது. 'டிரான்ஸ் ஃபார்மிங் லிபர்ட்டி'யும் அதில் இருந்தது, எந்த வீடியோவும் இல்லாமல். அதற்கு அடுத்த நிறுத்தமாக அறிவிக்கப்பட்டது, டாக்டர் படிப்பை விட்டுவிட்டு எமி தூரிகையை எடுத்த அட்லாண்டா, அங்கே இருக்கும் ஹை அருங்காட்சியகம்.